துளி நின்ற பலகை

2021 நவம்பர் பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு என் பணிக்காலம் தொடங்கியது. ஃபோர்ட் கொச்சியில் ஒரு பழைய வீட்டின் மாடியில், மரப்பலகை பாவிய திறந்த தளத்தில், ஜெஸி சேச்சி என்னிடம் ஒரு பழைய நைலான் காலுறையை நீட்டினார். "இதக் கையில மாட்டு. பலகை மேல தடவிட்டே போ. எங்க பிடிக்குதோ அங்க நில்லு." வேறு அறிமுகம் எதுவும் நடக்கவில்லை. நான் தடவிக்கொண்டே போனேன். மூன்றாவது பலகையில் காலுறை இழுபட்டது. குனிந்து பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிலாம்பு மேலெழுந்து நின்றது. அன்று மாலைக்குள் அந்தத் தளத்தின் எல்லாச் சிலாம்புகளையும் துருத்திய ஆணிகளையும் நான் அறிந்திருந்தேன். அங்கிருந்த மனிதர்களில் இருவருடைய பெயர் மட்டுமே தெரிந்திருந்தது.

இருவரில் ஒருவர் ஜெஸி சேச்சி; தோப்பும்படிக்காரர், எங்கள் குழுவின் தலைவி. மற்றவர் முத்துலட்சுமி அக்கா. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். என்னை இந்த வேலைக்கு அழைத்து வந்தவர் அவர்தான். நான் பட்டப்படிப்பை முடித்திருந்தேன். மேற்படிப்பைத் தள்ளிப்போட வேண்டிய நிலை வீட்டில் இருந்தது. "நாள் பூரா புக்கத் தடவிக்கிட்டு இருக்கதுக்கு எங்ககூட வந்து பலகையத் தடவுட்டி. கூலியாவது கிடைக்கும்," என்றார். அவர் கேலியாகச் சொன்னது அப்படியே நடந்தது.

இந்த ஆண்டு முதுகலைத் தமிழில் சேர்ந்துவிட்டதால் வேலையை விட்டேன். "இருபத்தஞ்சு வயசுல ரிட்டையர் ஆன ஒரே பொம்பளை இவதான்," என்று அக்கா தெருவில் எல்லோரிடமும் என்னை அறிமுகப்படுத்துகிறார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனக்குப் பதிலாகச் சேர்ந்திருக்கும் இரு பெண்கள் சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்து, பணி ஓய்வு பெற்றவர்களிடம் கேட்கும் தொனியில் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு தளத்தில் துளி போட்டுப் பார்க்கிறவள் அதே தளத்தில் உப்புத்தாளைத் தொடக்கூடாது, தூரிகையையும் எடுக்கக்கூடாது என்று ஜெஸி சேச்சி விதி வைத்திருக்கிறாரே, ஏன்? நேரில் விளக்குவதில் எனக்குத் தேர்ச்சி இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது செய்கிறேன்.

முதல் ஓராண்டைச் சுருக்கமாகவே சொல்லலாம். தடவினேன், கழுவினேன், தேய்த்தேன், பெருக்கினேன். கை காய்த்தது. தேக்கின் தூளும் ஆஞ்சிலியின் தூளும் வெவ்வேறு மணமுடையவை என்று தெரிந்துகொண்டேன். ஈர நாட்களில் வேலை இல்லை. கொச்சியில் ஈர நாட்கள் மிகுதி. அந்நாட்களில் படித்தேன்.

வேலையின் ஒழுங்கை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு மரத்தளத்துக்குப் புதிதாக எண்ணெய் பூசுவது அரை நாள் வேலை. அதற்கு அதைத் தயார் செய்வது ஒரு வாரம். பார்க்கிறவர்களுக்குப் பூச்சுதான் தெரியும். நாங்கள் செய்வதில் பெரும்பகுதி பூச்சுக்கு முன்பே முடிந்துவிடும். முதலில் காலுறை. அடுத்து, துருத்தி நிற்கும் ஆணிகளைப் பஞ்ச் வைத்து மரத்துக்குள் இறக்குவது. பிடி தளர்ந்த ஆணியை மறுபடி அடிப்பதில்லை; எடுத்துவிட்டு ஸ்க்ரூ போட வேண்டும். பிறகு பலகைகளுக்கு இடையிலுள்ள சந்துகளைச் சுரண்டுவது. சந்தில் சேரும் மண்ணும் இலையும் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். மரம் உளுத்துப்போகத் தொடங்குவது அங்கேதான். அதன்பின் பழைய பூச்சை ரிமூவர் தடவி நெகிழவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்போம். கம்பி பிரஷ்ஷுக்கு எங்கள் குழுவில் இடமில்லை. அதன் கம்பித்துகள் ஒன்று மரத்தில் தங்கினாலும் அடுத்த மழையில் அந்த இடம் மைத்துளி விழுந்ததுபோல் கறுத்துவிடும்.

கழுவுவதில் மட்டாஞ்சேரிக்கென்று ஒரு முறை உண்டு. கிணற்று நீர் இங்கே உப்பு. முதல் இரண்டு கழுவலுக்கு அதைப் பயன்படுத்தலாம். கடைசிக் கழுவலுக்குக் குடிநீர்தான் வேண்டும். உப்பு உள்ளே தங்கிய பலகை வெயிலில் காய்ந்ததுபோல் காட்டும், மாலைக் காற்றில் மறுபடி ஈரம் குடிக்கும். தரைக்குக் குடிநீரா என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஜெஸி சேச்சி அதற்கென்றே ஒரு பதில் வைத்திருந்தார்: "சாரே, தாகம் மரத்துக்குத்தான். நமக்கு சாயா உண்டல்லோ."

மரம் நரைத்திருந்தால் ஆக்சாலிக் அமிலக் கரைசலால் வெளுப்பாக்கி, மறுபடி கழுவி, இரண்டு மூன்று நாள் உலரவிட்டு, கடைசியாக உப்புத்தாள். அறுபது எண் தாள், பிறகு எண்பது. அதற்கு மேல் போகக்கூடாது. முத்துலட்சுமி அக்காவின் கை நிற்காது. தடவிப் பார்த்தால் வழுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஜெஸி சேச்சி பின்னாலிருந்து குரல் கொடுப்பார்: "எடி முத்தே, கண்ணாடி ஆக்காதே! வாயை மூடிட்டா பின்னே அது எப்படிக் குடிக்கும்?" மிக நுண்ணிய தாளால் தேய்த்த மரத்தின் துளைகள் அடைபட்டுவிடும், எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே ஒட்டி நிற்கும்.

எல்லாம் முடிந்தபின் வருவதுதான் துளி. மருந்துக் குப்பியோடு வரும் ரப்பர் முனைக் குழாயில் நீர் எடுத்து, பலகை தோறும் சொட்டு விட வேண்டும். சொட்டு பரந்து, கறுத்து, மரத்துக்குள் மறைந்தால் பலகை தயார். முத்துப்போல் திரண்டு நின்றால் அங்கே பழைய பூச்சோ மெழுகோ வேறெதுவோ இருக்கிறது. எண்ணெயையும் அது ஏற்காது. கேட்பதற்கு எளிய சோதனை. ஆனால் வாரம் முழுவதும் முழங்காலில் நின்று தேய்த்தவளுக்கு, நிற்கிற துளியும் இறங்குவதுபோல்தான் தெரியும். அவள் கண்ணைக் குறை சொல்வதற்கில்லை. முதுகு அப்படிப் பார்க்கவைக்கும். ஆகவே ஜெஸி சேச்சி துளி போடுகிறவளைத் தனியே பிரித்தார். அந்தத் தளத்தில் அவள் வேறு வேலை செய்வதில்லை. நீர் கொண்டுவருவாள், தூள் அள்ளுவாள், மரத்தை மட்டும் தேய்க்கமாட்டாள். அவள் சொல்லக்கூடிய சொற்கள் இரண்டு: ஆகலாம், ஆகாது. சொன்னபின் ஒருவரும் ஏன் என்று கேட்கக்கூடாது. ஜெஸி சேச்சியும் கேட்கக்கூடாது.

இரண்டாம் ஆண்டில் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். காரணத்தையும் சொன்னார். "டீச்சரே, நீ ஒரு நாளைக்குப் பத்து வாக்கு பேசுவாய். அதுல ஒண்ணு 'ஆகாது'ன்னா ஆளுக்கு விசுவாசம் வரும்." நான் ஆசிரியை அல்ல. மதிய இடைவேளையில் புத்தகம் வைத்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது.

அவருடைய போக்கைப் பற்றி இங்கே சொல்வது பொருந்தும். அவர் உரக்கப் பேசுவது கேலி செய்யும்போது மட்டுமே. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். என்னை 'டீச்சரே' என்றோ 'எடி' என்றோ அழைத்தால் அந்த நாள் நல்ல நாள். 'சுபா மேடம், கொஞ்சம் இங்க வருமோ?' என்று அழைத்தால், எங்கோ ஆணி ஒன்று இறக்கப்படாமல் நிற்கிறது என்று பொருள். நான் முதன்முதலாக 'ஆகாது' சொன்னது, ஃபோர்ட் கொச்சியின் அமராவதிப் பகுதியில் ஒரு மருத்துவர் வீட்டுப் பின்கட்டில். அங்கே தூரிகைகள் ஏற்கெனவே எண்ணெயில் தோய்ந்திருந்தன. ஜெஸி சேச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. தூரிகைகளைத் துடைத்தார், டின்னை மூடினார், "வா, சாயா குடிக்கலாம்," என்றார். கடையில் சாயா குடித்த நேரம் முழுவதும் அவர் தம் தங்கையின் நாத்தனாரைப் பற்றியே பேசினார். என் சொல்லைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அந்த விதி எவ்வளவு கனமானது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இனி, அந்த விதி சோதனைக்குள்ளான ஒரு கடினமான வேலைக்கு வருகிறேன்.

பஜார் சாலையில் மிளகுக் கிடங்காக இருந்து தங்கும் விடுதியாக மாறிய ஒரு கட்டடம். அதன் பின்புறம் காயலை நோக்கி நீளும் தேக்குத் தளம்; விடுதிக்காரர்கள் சொல்லில் 'டெக்'. அதற்கு முன்பு ஜெஸி சேச்சி தளங்களில் வேலை பார்த்ததெல்லாம் சின்னச் சின்ன வீடுகளில்தான். இவ்வளவு பெரிய தளங்கள் எர்ணாகுளத்து நிறுவனம் ஒன்றுக்கே போகும். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நிறுவனத்தில் தினக்கூலிக்குப் பெயின்ட் அடித்தவர் அவர். அங்கிருந்து வெளியேறித் தனிக்குழு அமைத்தபின் கிடைத்த முதல் பெரிய தளம் இது. இதை நல்லபடியாக முடித்தால் பஜார் சாலையில் மற்ற விடுதிகளும் அழைக்கும். முடிக்காவிட்டால் பழைய நிறுவனத்தின் வாசலில் போய் மறுபடி நிற்க வேண்டியிருக்கும். இதை அவர் எங்களிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. விடுதி மேலாளர் சாஜன் சார்தான், தினமும் ஒருமுறை, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

சாஜன் சார் மோசமான மனிதர் அல்லர். அவசரக்காரர். ஓணத்துக்கு விருந்தினர் வருகிறார்கள். அதற்குள் தளம் திறக்க வேண்டும். மழை சற்று ஓய்ந்திருந்தது, ஆனால் வியாழக்கிழமை திரும்ப வரும் என்றார்கள். எண்ணெய் ஊறிக் காய ஒரு பகலும் ஓர் இரவும் மழையில்லாமல் வேண்டும். ஆகவே புதன்கிழமை காலை பூச்சு தொடங்கியே தீர வேண்டும். தொடங்காவிட்டால் மதியமே எர்ணாகுளத்து நிறுவனம் வந்து, கூரைத்துணி கட்டி, வார்னிஷை ஸ்ப்ரே அடித்துவிடும். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "ஜெஸி, எனக்கு உங்க கையும் ஒண்ணுதான், அவங்க மெஷினும் ஒண்ணுதான். புதன்கிழமை காலைல இந்த டெக்குல எண்ணெய் நான் பாக்கணும்."

"பாக்கலாம் சாரே. ஷூவைக் கழட்டிட்டு வந்தா பக்கத்துலயே நின்னு பாக்கலாம்."

அவர் குனிந்து தம் காலைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். தேய்த்து முடித்த பலகைமேல் ஜெஸி சேச்சி மூன்று பொருள்களை அனுமதிப்பதில்லை: செருப்பு, சாயா, எண்ணெய்ப் பலகாரம். நாங்கள் துவைத்த வெள்ளைக் காலுறை அணிந்தே நடந்தோம். ஒருநாள் சாஜன் சார் அன்போடு கொடுத்தனுப்பிய பழம்பொரியை நாங்கள் சாலையோரத்தில் நின்று தின்றோம்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு முன்பே உப்புத்தாள் வேலை முடிந்தது. தூளை உறிஞ்சி எடுத்தாயிற்று. தளம் புதிதாக அறுத்த தேக்கின் நிறத்தில், வெளிர்ந்து கிடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கட்டடத்தின் நிழல் சுவரோரப் பலகைகள்மேல் விழுந்தது. காயலிலிருந்து காற்று வந்தது. ஒரு வாரம் முழங்காலில் நின்ற சேச்சியும் அக்காவும் அங்கே காலை நீட்டிப் படுத்துவிட்டார்கள். ஜெஸி சேச்சிக்கு இடுப்புவலி; மல்லாந்து படுத்தால் அசையவேமாட்டார். முத்துலட்சுமி அக்கா புரண்டு புரண்டு படுப்பவர். நான் வாசற்படியில் புத்தகத்தோடு இருந்தேன். நிமிர்ந்தபோதெல்லாம் அவர்கள் காலுறைகள் தூய்மையாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். தூய்மையாகவே இருந்தன.

நான்கு மணிக்கு சாஜன் சார் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். நான் காயல் ஓரத்திலிருந்து துளி போடத் தொடங்கினேன். சொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மரத்தில் இறங்கின. பின்னால் முத்துலட்சுமி அக்கா மெல்லிய குரலில், "இறங்குது, இறங்குது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுவரோரத்துக்கு வந்தேன். அங்கே விட்ட சொட்டு இறங்கவில்லை. திரண்டு, உருண்டு, வானத்தின் வெளிச்சத்தை ஏந்திக்கொண்டு நின்றது. ஒரு சாண் தள்ளி இன்னொன்று விட்டேன், இறங்கியது. திரும்ப வந்து விட்டேன், நின்றது. அதே வரிசையில் இன்னும் இரண்டு இடங்கள் அப்படி இருந்தன. மூன்றும் ஏறத்தாழ வட்டம். மூன்றும் ஓர் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியவை.

"எந்தாச்சு டீச்சரே?" என்றார் ஜெஸி சேச்சி.

சாஜன் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் என் சொல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தயங்கினேன் என்று எழுதினால் சுவை கூடும். ஆனால் தயங்க அங்கே இடம் இருக்கவில்லை, துளி நின்றுகொண்டிருந்தது.

"ஆகாது, சேச்சி."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. விதி. சாஜன் சாருக்கு அந்த விதி பொருந்தாது. "எது ஆகாது? இவ்வளவு பெரிய டெக்குல மூணு சின்ன வட்டம். யார் பாக்கப் போறாங்க? மேலே பூசுங்க, எல்லாம் ஒண்ணாயிரும்!"

ஜெஸி சேச்சி முழங்காலிட்டு, குனிந்து, பலகையில் மூக்கை வைத்தார். ஆழமாக மோந்தார். பிறகு அவர் முதுகு குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஈசோயே!" என்று நிமிர்ந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "இது என் அம்மச்சி காய்ச்சின எண்ணெய். துளசியும் கறிவேப்பிலையும் போட்டது. முத்தே, இது நம்ம தலையல்லோ!"

முத்துலட்சுமி அக்கா தம் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஐயையோ. அப்ப மத்த ரெண்டும் என்னோடதா?"

"நீ ஒரு இடத்துல கிடந்தா ஒண்ணுதான் ஆகியிருக்கும்."

காலுக்கு உறை போட்டிருந்தோம். பலகாரத்தைச் சாலையில் நின்று தின்றோம். காலை தோறும் தலை நிறைய எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வருகிறவர்கள், அந்தத் தலையைப் பற்றி மட்டும் ஒருநாளும் நினைக்கவில்லை. ஜெஸி சேச்சி எழுந்து சாஜன் சாரிடம் மறைக்காமல் சொன்னார். "சாரே, தப்பு எங்களோடது. இது தலை வச்ச அடையாளம். தேங்காய் எண்ணெய் ஒருநாளும் காயாது. அதுக்கு மேல பூசினா அந்த இடம் பிசுபிசுன்னு நிக்கும். மழையில பூசணம் பிடிச்சு, மூணு தலையும் கறுப்பா தெரிஞ்சு வரும். ஓணத்துக்கு வர்ற ஆளுக சாப்பிட்டுட்டே அதைப் பாப்பாங்க."

"அப்ப நான் எர்ணாகுளத்துக்கு ஃபோன் பண்ணட்டுமா?"

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் பண்ணுங்க. அதுவரை இந்த டெக் என்னோடது."

அவர் ஒப்புக்கொண்டார். எதனால் என்று இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. தவறை அவர் கண்டுபிடிக்குமுன் நாங்களே சொன்னதால் என்று முத்துலட்சுமி அக்கா நினைக்கிறார். மூக்கு பலகையில் பட ஒருவர் சிரித்ததைப் பார்த்துக் குழம்பிப்போய்விட்டார் என்பது என் எண்ணம்.

தேய்த்து எடுக்கலாம் என்று அக்கா உடனே உப்புத்தாளை எடுத்தார். எண்ணெய் ஊறிய மரத்தைத் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், எண்ணெய் இன்னும் பரவும். இரண்டு இழுப்பிலேயே வட்டம் கறுத்தது. அடுத்து, சீயக்காய் போடலாம் என்றார்: "தலையில இருக்க எண்ணெய அதானட்டி எடுக்கும்?" சீயக்காய் பழுப்பு, வெளுப்பாக்கிய தேக்கில் அதன் கறை எண்ணெயைவிடக் கெட்டியாக இருக்கும் என்றேன். அன்றைய என் பத்துச் சொற்களில் அவையும் சேரும். எண்ணெயைக் கரைப்பதும் கரைந்ததை உறிஞ்சுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கரைக்க டர்பன்டைன் இருந்தது. உறிஞ்சுவதற்குச் சுண்ணத்தூள் மாதிரி நிறமில்லாத ஒரு பொடி தேவைப்பட்டது.

ஜெஸி சேச்சி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "முத்தே, உன் பேக்ல பவுடர் டப்பா உண்டல்லோ?"

"அது புதுசு! நேத்துதான் உடைச்சேன்!"

"கொண்டா."

டர்பன்டைனில் பவுடரைக் குழைத்து, சந்தனப் பதத்தில் வட்டங்கள்மேல் அப்பினோம். காய்ந்து உதிரும்வரை காத்திருந்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, மறுபடி அப்பினோம். முதல் அப்பு மஞ்சளாகக் காய்ந்தது. இரண்டாவது சற்றுக் குறைவாக. காயல் காற்றில் மல்லிகை மணம் வீசியது. சாஜன் சார் வாசலுக்கு வந்து மோந்து பார்த்தார்.

"என் டெக்குக்கு மேக்கப் போடறீங்களா?"

"கல்யாணப் பெண்ணு சாரே," என்றார் ஜெஸி சேச்சி நிமிராமல். "நாளைக்கு எண்ணெய்க் குளி."

"பாவி மட்டை, என் பவுடரு," என்றார் அக்கா.

வெளிச்சம் மங்குவதற்குள் மூன்று முறை அப்பி எடுத்தோம். மூன்றாம் அப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். போகும் வழியில் ஜெஸி சேச்சி கேலி எதுவும் பேசவில்லை. படகு ஜெட்டிப் பக்கம் பிரியும்போது மட்டும், "காலைல ஆறு மணிக்கு வருமோ, சுபா?" என்று கேட்டார். டீச்சர் இல்லை, மேடமும் இல்லை. அவர் என் பெயரை வெறுமனே சொன்னது அதுவே முதல்முறை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே போய்விட்டேன். அவர்கள் இருவரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். தலைக்குத் துணி கட்டியிருந்தார்கள். காய்ந்த பொடியைத் தட்டி உதிர்த்து, அந்த வரிசைப் பலகைகளை முழு நீளத்துக்கும் எண்பது எண் தாளால் ஒருமுறை இழுத்திருந்தார்கள். வட்டத்தை மட்டும் தேய்த்தால் அந்த இடம் தனியாகத் தெரியும். நான் குழாயில் நீர் எடுத்தேன். அக்காவின் முதல் வட்டத்தில் துளி பரந்து மறைந்தது. இரண்டாவதிலும் மறைந்தது. அக்கா மூச்சை விட்டார். ஜெஸி சேச்சியின் வட்டத்தில் விட்டேன். ஓரங்கள் இறங்கின, நடுவில் கொஞ்சம் நின்றது. காத்திருந்தேன். நின்றுகொண்டேயிருந்தது. அசையாமல் ஒரே இடத்தில் கிடந்த தலை. எண்ணெய் அங்கே ஆழமாகப் போயிருந்தது.

"இது ஆகாது."

ஜெஸி சேச்சி தலையசைத்தார். தளத்தைச் சுற்றி மெதுவாகப் பார்த்தார். வாசலருகே, நாங்கள் தள்ளி வைத்திருந்த பெரிய மரத்தொட்டி இருந்தது. அதில் இடுப்புயரச் செம்பருத்தி. வேலை முடிந்தபின் அதை மறுபடி சுவர்மூலைக்கு நகர்த்த வேண்டும். அதன் கீழே வரும் பலகையும் இந்தப் பலகையும் ஒரே நீளம். கீழேயுள்ள சட்டங்கள் ஒரே இடைவெளியில் ஓடின. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அக்கா மறுமுனையில் உட்கார்ந்தார். இரண்டு பலகைகளும் கழன்றன, இடம் மாறின, அதே துளைகளில் ஸ்க்ரூக்கள் இறங்கின. ஒன்று மட்டும் இறுகவில்லை. அதற்குப் பக்கத்தில் புதுத் துளை போட்டார்கள்.

ஏழு மணிக்கு சாஜன் சார் வந்தார். ஷூவை வாசலிலேயே விட்டிருந்தார். நான் இடம் மாறி வந்த பலகையில் துளி விட்டேன். இறங்கியது. அதன் முழு நீளத்துக்கும் விட்டேன். பிறகு மூலையிலிருந்த பலகைக்கும் போனேன்.

"அது தொட்டிக்கு அடியில போறதுதானட்டி?" என்றார் அக்கா.

இருந்தாலும் விட்டேன். நின்றது.

"எல்லாம் ஆகலாம்," என்றேன். "இந்த ஒண்ணு மட்டும் ஆகாது."

"ஷெரி," என்றார் ஜெஸி சேச்சி. "இதுக்கு எண்ணெய் வேண்டா. தொட்டி மட்டும் போதும்."

சாஜன் சார் மூலையை எட்டிப் பார்த்தார். "தொட்டிக்கு அடியில என்ன இருக்கு?"

"என் தலை இருக்கு சாரே."

அவர் கைபேசியை எடுத்தார். எண்ணை அழுத்தி, காத்திருந்து, பேசினார். வேண்டாம், வரவேண்டாம் என்று மலையாளத்தில் இரண்டே சொற்கள்: "வேண்டா. வரண்டா." கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். ஜெஸி சேச்சி அவரைப் பார்க்கவில்லை. டின்னைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார்.

சேச்சியும் அக்காவும் காயல் ஓரத்திலிருந்து தொடங்கினார்கள். முதல் பட்டை எண்ணெய் விழுந்ததும் வெளிர்ந்த தேக்கு தேன்நிறத்துக்கு மாறியது. தூரிகை எடுக்க எனக்கு உரிமையில்லை. காலுறையைக் கழற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலின் இரு தூண்களுக்கும் குறுக்கே கயிறு கட்டினேன்.

"நான் எப்ப உள்ளே போகலாம்?" என்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் என் அருகில் நின்றபடி கேட்டார் சாஜன் சார்.

"நாளைக்குக் காலைல, சார்," என்றேன். முடிச்சை இன்னொரு முறை இறுக்கினேன்.